ஆகஸ்டில் ஏன் கத்திரி இல்லை?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சாயங்காலம் உட்காருகிற எல்லோருக்கும் கூற்று–காரணம் வினா தெரியும். மேலே ஒரு கூற்று, கீழே ஒரு காரணம், அதற்கும் கீழே நான்கு விடைகள். இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை. ஒன்று சரி, மற்றது தவறு, இப்படி. இந்த வகை வினாவைக் கொண்டுவந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்திருப்பார்கள். மனப்பாடம் செய்கிற பிள்ளையும் ஒரு நிமிடம் நின்று, ‘இதனாலதான் அதுவா?’ என்று யோசிக்கட்டுமே என்று. எங்கள் தெருப் பையன்கள் இதற்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ‘ஏனெனில்’ போட்டு வாய்விட்டுப் படிப்பது. காதுக்கு ஒட்டினால் முதல் விடை, ஒட்டாவிட்டால் இரண்டாவது விடை. “ரெண்டுமே புக்ல இருக்கிற வரிதானக்கா, அதனால ரெண்டும் ரைட்டுதான். சேருதான்னு பாத்தா போதும்” என்று ஒருவன் எனக்கே வகுப்பு எடுத்தான். அவனுக்கு அதில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது என்பதுதான் விஷயம்.

இது ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ‘ஏனெனில்’ என்பது எதையும் எதோடும் ஒட்டவைக்கும். ‘மே மாதம் வேலூரில் வெயில் கடுமை, ஏனெனில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது.’ படித்துப் பாருங்கள், என்ன அழகாக ஒட்டுகிறது! காட்பாடி ஜங்ஷனில் இறங்கி வியர்வையைத் துடைக்கிற யாரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் காரணத்தைப் புரிந்துகொள்வதற்கும், காரணம் என்று சொல்லப்பட்ட வாக்கியத்தை ஞாபகம் வைப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அந்த வெயில் வாக்கியத்தை வைத்துத்தான் நான் பார்த்தேன்.

நிழல் இல்லாத மத்தியானம்

இயற்பியல் படித்துவிட்டுக் காட்பாடியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள் நான். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, லத்தேரிப் பக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். திட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் தம்பியைக் கூப்பிட வந்த அண்ணன்கள், தங்கையைக் கொண்டுவந்து விட்ட அக்காக்கள் எல்லாம் ஒன்பதாவது, பத்தாவது புத்தகங்களோடு பின்வரிசையில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து போகச் சொல்ல மனம் வரவில்லை. இன்றைக்கும் வருகிறார்கள்.

நிழலில்லா நாளைப் பற்றி அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் பேசி இப்போது நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற எந்த ஊரிலும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். அந்த நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. வேலூர் சுமார் 12.9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் நமக்கு அது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும். ஒரு ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பிவிசி பைப் துண்டை நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் செங்குத்தா என்று பார்த்து, நிழல் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் நிழல் இருந்தது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே 79 பாகைக்கு மேல் கொஞ்சத்தில் இருக்கிறோம். அதனால் ஏப்ரல் கடைசியில் நம் நண்பகல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாமதம். அந்தச் சில நிமிடங்களில் நிழல் பைப்பின் காலடிக்குள் சுருண்டு போனது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தங்கள் நிழல் பாதத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டதைக் காட்டக் குதித்தார்கள். செருப்பில்லாமல் நின்றவர்கள் வேறு காரணத்துக்காகக் குதித்தார்கள்.

வழக்கமாக இந்த நிகழ்ச்சி இதோடு முடிந்துவிடும். கைதட்டல், ஒரு போட்டோ, ஆளுக்கு ஒரு மோர். நானும் மோர் எடுக்கத்தான் இறங்கினேன். அப்போது ஏழாவது படிக்கிற ஒரு பெண், அதிகம் வாய் திறக்காதவள், சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “இன்னாக்கா, ஆகஸ்ட்லயும் இதே மாதிரி நேரா மேலதான வரும்? அப்போ ஏன் கத்திரி இல்ல?”

பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு ‘ஏனெனில்’ ஆகியிருக்கும். பின்வரிசைப் பையன்களைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கப்பா” என்றேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். ‘பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்குங்கள்’ என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம், சுவரில் எழுதிவைக்கிறோம். கேள் என்று சொல்வதால் ஒரு கேள்வியும் வந்து நான் பார்த்ததில்லை. “எனி டவுட்ஸ்?” என்று கேட்டால் வகுப்பே கல்லாகிவிடும். அந்தப் பெண்ணுக்குக் கேள்வி வந்தது அவள் கையில் இரண்டு நாட்கள் இருந்ததால். சூரியன் அதே இடம், பகலின் நீளம்கூட ஏறக்குறைய அதே. ஆனால் விளைவு வேறு. ஏப்ரலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் ‘நேர் மேலே வருகிறது, அதனால் சூடு’ என்ற வாக்கியத்தில் ஓட்டையே தெரியாது. ஆகஸ்டைப் பக்கத்தில் வைத்தவுடன் அது பொத்தென்று விழுந்துவிட்டது. ஒரு காரணம் இருந்தும் விளைவு வராத இடத்தைக் காட்டாமல் அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அன்றிலிருந்துதான்.

தூரமும் பாறையும்

பையன்கள் முதலில் எடுத்தது தூரம். “மே மாசத்துல சூரியன் கிட்ட வருதுக்கா.” இதற்காக அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1980களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு அங்கி போட்டு நின்றவர்களிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டபோது அவர்களில் பெரும்பாலோரும் இதையேதான் சொன்னார்கள். அடுப்புக்குக் கிட்டப் போனால் சுடும் என்பது உடம்பு படித்த பாடம். அதை அழிக்க ஒரு வரி போதாது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. நான் இந்த எண்களைச் சொல்வதற்குள் ஒரு சின்னப் பையன் வேலையை முடித்துவிட்டான். “ஏலகிரி மேல ஏறினா சூரியனுக்கு இன்னும் கிட்டதான போறோம்? அங்க மட்டும் ஏன் சில்லுனு கீது?” அவன் சொன்ன கணக்குக்கும் கோடிக் கணக்கான கிலோமீட்டருக்கும் சம்பந்தமில்லை, ஏலகிரி ஆயிரத்து நூறு மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. ஆனால் ‘கிட்ட இருந்தால் சூடு’ என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று காட்ட அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. என் எண்கள் அதற்குப் பிறகு பக்கவாத்தியமாகத்தான் போயின.

அடுத்து பாறை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுத் தாத்தா, “நம்மூர சுத்தி மொட்டப் பாறைம்மா. பகல் பூரா குடிச்சி ராத்திரி பூரா கக்குது. அதான் வேலூர் வெயிலு” என்றார். வேலூர்க்காரர்களின் ஒருமித்த கருத்து இது. ஏழாம் வகுப்புப் பெண் அவரிடமும் விடவில்லை: “ஆகஸ்ட்லயும் பாறை அங்கயேதான இருக்கும் தாத்தா?” தாத்தா சிரித்துவிட்டார். பாறைக் கருத்து தப்பு என்று ஆகிவிடாது, அதை அவளும் சொல்லவில்லை. வேலூருக்கும் வேறு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாறை கொஞ்சம் விளக்கலாம். மேக்கும் ஆகஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்காது. எந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். இந்த ஒன்றைப் புத்தகம் எங்கேயும் சொல்லித் தருவதில்லை. ‘வெயிலுக்குக் காரணம் என்ன?’ என்று ஒற்றையாகக் கேட்டால், தாத்தா, பையன், நான் மூவரும் மூன்று விடை சொல்லிச் சாயங்காலம் வரைக்கும் சண்டை போடலாம்.

இன்னொன்றும் அன்று மாடியிலேயே வெளியே வந்தது. ஏப்ரல் 24-க்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். கத்திரி நடக்கிற மே மாதத்தில் அது நேர் மேலே இல்லவே இல்லை. மே 20 வாக்கில் உச்சியிலிருந்து ஏழு பாகை வடக்கே இருக்கும், மத்தியான நிழல் தெற்கே விழும். ஜூன் 21-ல் பத்து பாகைக்கு மேல். ‘தலைக்கு நேரே வருவதால் கத்திரி’ என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்கள் மே மாதம் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கலாம்.

கடைசியில் ஆகஸ்டுக்கும் மே மாதத்துக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எது என்று கேட்டேன். பதில் கொட்டியது. மேகம். ஆடிக் காற்று. சாயங்காலம் இடியோடு வருகிற மழை. ஏரிக்கரை மண் அப்போது ஈரமாக இருக்கும், இப்போது பிளந்து கிடக்கிறது. மேகம் வெயிலை மறைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஈர மண்தான் சிக்கலைக் கிளப்பியது.

தட்டுகள்

இரண்டு எவர்சில்வர் தட்டில் ஒரே வயலின் மண், ஒரே அளவு. ஒன்றில் காய்ந்தது, ஒன்றில் தண்ணீர் தெளித்தது. இரண்டையும் மாடியில் வைப்போம், எது அதிகம் சுடும் என்று பந்தயம். ஈர மண் குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் சொன்னார்கள். ஒன்பதாவது படிக்கிற ஒருவன் மட்டும் ஈர மண்தான் அதிகம் சுடும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அசரவில்லை. “ஈர மண்ணு கறுப்பா இருக்கு பாருங்க. கறுப்பு வெப்பத்த அதிகம் உறிஞ்சும்னு புக்லயே போட்டிருக்கு.”

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவன் சொன்னது நடக்கவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தால் காய்ந்த மண் சுட்டது, ஈர மண் வெதுவெதுப்போடு நின்றது. ஆனால் அவன் ஒரு வேலை செய்திருந்தான். ஒரு காரணத்தை அது பிறந்த பாடத்திலிருந்து பிடுங்கி எடுத்து, யாரும் கேட்காத இடத்தில் கொண்டுவந்து, அது என்ன விளைவைத் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னான். அறிவியல் படிப்பது என்றால் எனக்கு இதுதான். விடை தப்பானதால் அவன் சொன்ன காரணம் பொய்யாகிவிடவில்லை. கறுப்பு உண்மையில் அதிகம் உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது அதைவிட அதிக வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, தண்ணீரைச் சூடேற்றவும் வெப்பம் நிறைய வேண்டும். இரண்டு காரணங்கள் எதிரெதிராக இழுக்கின்றன, ஒன்று ஜெயிக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் ஒரு விளைவுக்கு ஒரு காரணம் என்று கணக்காக இருக்கும். வெளியே அப்படி ஒன்றுகூட இல்லை.

ஆவியாவதுதான் காரணம் என்றால் ஆவியாக விடாமல் செய்தால் என்ன ஆகும்? இதை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். ஈர மண் தட்டு ஒன்றின் மேல் பாலிதீன் தாளை இழுத்துக் கட்டினோம். உடனே அதே ஒன்பதாம் வகுப்புக்காரன், “தாள் கட்டினாலே உள்ள சூடாகும்கா, கார்ல கண்ணாடிய மூடி வச்சா ஆவுதே. அப்போ காஞ்ச மண்ணுக்கும் ஒண்ணு கட்டணும்” என்றான். இரண்டு தட்டு நான்காயிற்று. என் அம்மா தட்டுகளைத் தேடிக்கொண்டு மாடிக்கு வந்து சத்தம் போட்டது தனிக் கதை. மூடிய ஈர மண், மூடாத ஈர மண்ணைவிட நன்றாகவே சுட்டது. தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ‘ஆவியாதல் குளிர்ச்சியைத் தரும்’ என்ற வரியை அவர்களில் பலர் மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அதை நிறுத்திப் பார்த்தார்கள்.

மே மாத வேலூருக்கு இதிலிருந்து போய்ச் சேருவது கஷ்டமில்லை. மார்கழியோடு மழை போய்விடுகிறது. நான்கு மாதம் மண் காய்கிறது. வருகிற வெயிலைச் செலவழிக்கத் தண்ணீர் இல்லாததால் முழுவதும் நிலத்தையும் காற்றையும் சூடாக்கப் போகிறது. சென்னையை மத்தியானத்துக்கு மேல் காப்பாற்றுகிற கடற்காற்று 130 கிலோமீட்டர் தாண்டி இங்கே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், வந்தாலும் தெம்பில்லாமல் வரும். ஆகஸ்டில் அதே சூரியன். ஆனால் வழியில் மேகம், கீழே ஈரம். சூரியனுக்கும் நம் முதுகு வேர்ப்பதற்கும் நடுவில் இத்தனை படிகள் இருக்கின்றன. கூற்று–காரண வினா முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் காட்டி, நடுவில் ‘ஏனெனில்’ என்ற பலகையைப் போட்டுவிடுகிறது.

கரிகிரியில் நடந்தது

நடுப் படிகளை விட்டுவிடுவதால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற விஷயம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘பொருத்துக’ பகுதியில் தொழுநோய்க்கு நேராக மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்தக் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். காரணம் தெரியும், விளைவும் தெரியும்: கிருமி வந்தால் விரல்கள் போய்விடும். கிருமி சதையை அழுகவைத்துத் தின்றுவிடுகிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள். விரல் தானாக உதிரும் என்றால் அந்தக் கைக்கு அறுவைச் சிகிச்சை செய்வதில் என்ன பயன்? அதனால் யாரும் செய்யவில்லை.

1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர், செங்கல்பட்டில் தொழுநோய் நிபுணர் காக்ரேனோடு நோயாளிகளைச் சுற்றிப் பார்த்தபோது இந்தக் கைகளைக் கவனித்தார். பிறகு வேலூரில் நோயாளிகளோடு இருந்து ஒவ்வொரு காயமும் எப்படி வந்தது என்று தேடினார். ஒருவர் சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்கிறார். இன்னொருவர் துருப்பிடித்த பூட்டைத் திறக்கச் சாவியை எலும்பு தெரிய அழுத்துகிறார். அவர்களுக்கு வலியே இல்லை. சிலருக்கு ராத்திரியில் விரல் நுனி காணாமல் போனது. காவல் இருந்து பார்த்ததில், தூங்குகிறவர்களின் உணர்ச்சியற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் காயம் படுகிறது, பட்ட காயத்தைக் கவனிக்காமல் அதே கையால் வேலை செய்வதால் சீழ் பிடித்து எலும்பு வரைக்கும் போகிறது. விரல் போவது இத்தனை தூரம் தள்ளி. நடுவில் எங்கே கைவைத்தாலும் நிறுத்தலாம்.

நிறுத்தினார்கள். மடங்கிப் போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவைச் சிகிச்சை செய்தார்கள், காயம் படாமல் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், அடிபாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு செய்தார்கள். காட்பாடி, கரிகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்றால் விளக்க வேண்டாம். கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955-ல் வந்தது. கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல். மருந்து சாப்பிட்டுக் கிருமி முழுக்கச் செத்த பிறகும் சிலருக்கு அந்தச் செருப்பு ஆயுசு முழுக்க வேண்டும். இதைச் சொன்னவுடன் எங்கள் பின்வரிசையில் ஒருத்தி, “கிருமிதான் செத்துடுச்சே, அப்புறம் எதுக்கு?” என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே அவளே, “நரம்பு திரும்ப வராதா?” என்றாள். ‘பொருத்துக’ மட்டும் படித்த பிள்ளையால் இந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது, பதிலைத் தானே பிடிக்கவும் முடியாது.

செயின் மாட்டத் தெரிந்த பிள்ளைகள்

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே 1920களில் சின்னப் பிள்ளைகளிடம் சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று கேட்டு வரையச் சொன்னார். ரொம்பச் சின்னவர்கள் சக்கரம், பெடல், செயின் எல்லாவற்றையும் வரைவார்கள். ஆனால் ஒன்றோடு ஒன்று இணையாமல் தனித்தனியாகக் கிடக்கும். பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும், அவ்வளவுதான், நடுவில் என்ன நடக்கிறது என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. எட்டு வயது வாக்கில் செயின் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. இதைப் படித்த சாயங்காலமே எங்கள் பிள்ளைகளையும் வரையச் சொன்னேன். மூன்றாவது, நான்காவது படிப்பவர்களே பல் சக்கரத்தோடு வரைந்துவிட்டார்கள். தினமும் வழியில் செயின் கழன்று, கை கறுப்பாகி, மாட்டுகிறவர்கள் அவர்கள். அதே பிள்ளைகளிடம் செடி எப்படி வளர்கிறது என்று வரையச் சொன்னால் சூரியன் ஒரு மூலையில், வேர் ஒரு மூலையில், நடுவில் ஒரு அம்புக்குறிகூடக் கிடையாது. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்குக் காரண காரிய அறிவு கம்மி என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. கைவைத்துக் கழற்றிப் பார்த்த இடத்தில் எல்லாம் அது கச்சிதமாக இருக்கிறது.

புத்தகத்திலும் கழற்றிப் பார்க்கிற இடங்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் வெண்ட் என்பவரின் ஆய்வு வருகிறது. ஓட் முளைக்குருத்தின் நுனியை வெட்டி அகார் என்ற கூழ்த் துண்டின் மேல் வைத்து, பிறகு நுனிக்குப் பதில் அந்தத் துண்டை வெட்டிய குருத்தின் மேல் வைத்தால் குருத்து வளர்கிறது. நுனி படாத வெறும் அகார் துண்டை வைத்தால் வளர்வதில்லை. நுனியிலிருந்து துண்டுக்குள் இறங்கிய வளர்ச்சிப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர் சொல்லிவிடலாம், அது இரண்டு மதிப்பெண். படத்தை மனப்பாடமாக வரைகிறவர்கள் அந்த வெறும் துண்டை விட்டுவிடுகிறார்கள். ‘அதுலதான் ஒண்ணுமே நடக்கலயேக்கா’ என்கிறார்கள். ஒன்றும் நடக்காத அந்தத் துண்டு இல்லையென்றால், வளர்ச்சிக்குக் காரணம் அகாரே என்று ஒருவன் வாதாடலாம். அவனை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. இப்போது நான் அந்தப் பாடத்தை வெறும் துண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? பாலாறு ஏன் காய்ந்தது என்று வேலூர் டீக்கடையில் கேளுங்கள். மேலே கட்டிய அணைதான் என்பார் ஒருவர், மணல் என்பார் இன்னொருவர், போர்வெல் என்பார் மூன்றாமவர், ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் முட்டாளாகப் பார்ப்பார்கள். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ‘அப்போ அணை காரணமே இல்ல பாத்தீங்களா’ என்றும் ஒரு கட்சி கிளம்பியது. தோல் பதனிடும் ஊர்களான பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதற்கு ‘குரோமியம்’ என்று பட்டென்று பதில் வரும். குரோமியம் தோலைப் பதனிடப் போடுவது, ஆனால் கரிப்பது அதனால் அல்ல. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுகிற சாதா உப்பு, டேனரியில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது தண்ணீரோடு வெளியே போகிறது. குரோமியம் பெரும்பாலும் கசடில் தங்குகிறது. இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தாலும் ஒன்றுக்குச் செய்கிற சுத்திகரிப்பு மற்றதைத் தொடாது. எதை நிறுத்தினால் எது நிற்கும் என்று தெரியாமல் போராடுவதும் சிரமம், சட்டம் போடுவதும் சிரமம்.

பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே

இதையெல்லாம் சொன்னால் பள்ளியில் இருக்கிற என் தோழிகள் நியாயமாகவே கோபப்படுகிறார்கள். நான்கு தட்டு வைக்க மாடியும் ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு இருக்கிறது, எனக்கு நாற்பது நிமிடமும் முடிக்க வேண்டிய பாடமும்தான் இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. உண்மைதான். ஆண்டு முழுவதும் இப்படி நடத்த முடியாது. ஒரு பாடத்துக்கு ஒரு இடத்திலாவது, காரணத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று வாயாலாவது கேட்க முடியும் என்பது என் எண்ணம். அதற்குத் தட்டு வேண்டாம்.

அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ஒன்பதாவது படித்த அந்தக் கறுப்பு மண் பையன் பத்தாவது காலாண்டுத் தேர்வில், வேர்வை ஏன் குளிர்ச்சி தருகிறது என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு பக்கம் எழுதினான். மின்விசிறி இருந்தால் என்ன, மழை நாளில் புழுங்குவது ஏன், எல்லாம் எழுதினான். ‘உள்ளுறை வெப்பம்’ என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. ஒரு மதிப்பெண் போனது, நேரமும் போனது, அவன் அம்மா என்னிடம் வந்து, “பையன் யோசிக்கிறான்மா, யோசிச்சிட்டு எழுதாம வந்துடறான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கவலைக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. அந்தச் சொல்லை முதல் வரியிலேயே போட்டுவிடு, மிச்சத்தை எனக்கு எழுதிக் காட்டு என்று அவனோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.

அந்த வருட ஆகஸ்டில் நிழலில்லா நாள் வந்தபோது வானம் மூடிக் கிடந்தது. பள்ளி மைதானத்தில் கம்பை நட்டுவிட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்களாம், காலையிலிருந்தே எதற்கும் நிழல் விழவில்லை. ஏமாற்றத்தோடு வந்து சொல்ல ஆரம்பித்த ஏழாம் வகுப்புப் பெண், பாதியில் நிறுத்தி, “அதானக்கா பதிலே” என்று சிரித்துவிட்டாள்.

தாத்தாவின் பாறை இன்னும் பாக்கி இருக்கிறது. ராத்திரியெல்லாம் பாறை சூட்டைக் கக்குகிறதா என்பதை வரும் சித்திரையில் பார்த்துவிடுவது என்று தீர்மானம். பாறை அடிவாரத்தில் ஒரு தெர்மாமீட்டர், ஏரிக்கரையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கும் விடியற்காலையிலும் குறித்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்துக்கு இரவு யார் போவது என்பதில் பையன்களுக்குள் போட்டி, அவர்கள் வீடுகளில் எதிர்ப்பு. தாத்தா தானே டார்ச் எடுத்துக்கொண்டு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். பிரித்த உடனே ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். அந்தப் பெண்தான் தடுத்து, இரண்டையும் ஒரே சொம்புத் தண்ணீரில் போட்டாள். ஒன்று மற்றதைவிட ஒரு டிகிரி அதிகம் காட்டுகிறது. அதன் தலையில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம்.